பாய்மரமும் கோபுரமும்

சாகுபுரத்துக் குடியிருப்பில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்கு நன்மை வழங்கிய பின், நேரே ஊர் திரும்ப மனமின்றி மணப்பாடு வரை சென்று வரப் புறப்பட்டோம். உடன் வந்தவர் நமது பங்கின் கட்டட வேலைகளைக் கவனிக்கும் மேஸ்திரி. வண்டியின் பின்னிருக்கையில் சுருட்டி வைத்த வரைபடம் ஒன்றும் நம்மோடு வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

சாகுபுரம் பழம்பெருமை பேசும் ஊர் அன்று. சாகு ஜெயின் குடும்பத்தாரின் இரசாயனத் தொழிற்சாலையோடு 1950-களின் இறுதியில் பிறந்த ஊர். பெயரும் அவர்களால் வந்ததே. ஒருபுறம் வானளாவிய புகைபோக்கிகள். மறுபுறம் கண்கூசும் உப்புக் குவியல்கள். உப்பைக் காஸ்டிக் சோடாவாக மாற்றும் அவ்விடத்தில் எதுவும் அழகுக்காக நிற்பதில்லை. ஒரு குழாய் வளைகிறதென்றால் அது வளைய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அழகில்லாத அந்த நேர்மை நம் மனத்தில் தங்கிவிட்டது.

காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் என்று கடற்கரை ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து மணப்பாட்டை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. அதன் வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று இங்கே கரை சேர, அதன் தலைவர் தாம் நேர்ந்தபடி முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து 1540-இல் இக்குன்றில் நாட்டினார் என்பது ஊர் மரபு. 1542-இல் வந்த புனித சவேரியார் குன்றின் அடிவாரக் குகையில் தங்கிச் செபித்தார். ஆலயம் எழுந்தது 1581-இல். ஆக, கப்பல் உடைந்ததால் உண்டான கோவில் இது.

அங்கே நின்றபோது நம் நினைவுக்கு வந்தவர், குருமடத்து நூலகத்தில் நாம் முதன்முதல் அறிந்த ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அகஸ்டஸ் பியூஜின் என்பது அவர் பெயர். 1812-இல் இலண்டனில் பிறந்தவர். 1830-இல் ஸ்காட்லாந்துக் கரையோரம் அவர் சென்ற கப்பலும் உடைந்தது. உயிர் தப்பிக் கரையேறிய அந்த இளைஞரை அவ்வூர்க் கட்டடக் கலைஞர் கில்லஸ்பி கிரகாம் ஆதரித்து, இத்தொழிலில் இறங்குமாறு ஊக்கினார். கடல் கரையில் தள்ளிய மரம் மணப்பாட்டில் சிலுவையாயிற்று. கடல் கரையில் தள்ளிய மனிதர் அங்கே கோவில் கட்டுபவரானார்.

1835-இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், பியூஜின் கத்தோலிக்க மறையைத் தழுவினார். அந்நாட்டில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர உரிமை பெற்று ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. மறை மாறுவது தொழிலுக்கு ஆகாது என்பதை அவர் அறியாதவர் அல்லர். இடைக்காலத்துக் கோத்திக் ஆலயங்களில்தான் கிறிஸ்தவ விசுவாசம் கல்லாய் நிற்கிறது என்பது அவர் துணிபு. நம் வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் ஆலயமும் எழுப்பித் திருக்காவலூர்க் கலம்பகமும் பாடியது போல, இவரும் ஒரு கையில் அளவுகோலும் மறு கையில் எழுதுகோலுமாய் வாழ்ந்தவர். ஆனால் இவர் எழுதியது பாட்டன்று, வழக்கு! 1841-இல் வெளிவந்த நூலில் அவர் வகுத்த விதி இதுதான்: பயனுக்கோ, உறுதிக்கோ, அவ்விடத்தின் தகுதிக்கோ தேவைப்படாத எதுவும் கட்டடத்தில் இருக்கலாகாது, அலங்காரம் என்பது தாங்கி நிற்கும் உறுப்பை அழகுபடுத்துவதே தவிர, மேலே ஒட்டி வைப்பது அன்று.

பிடிவாதக்காரர்தான், ஐயமில்லை. பீடத்துக்கும் மக்களுக்கும் இடையே மரத் தடுப்பு வேண்டும் என்று வாதாடி, பின்னாளில் கர்தினாலான நியூமனோடும் முரண்பட்டார். இன்று நாம் மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றுவதைக் கண்டால் நம்மையும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

இலண்டன் பாராளுமன்ற மாளிகை 1834-இல் தீக்கிரையானபின், புதிய மாளிகையைக் கட்டிய சார்லஸ் பாரிக்காக அதன் உள்ளலங்காரங்களை நாற்காலி முதல் கதவுக் கைப்பிடி வரை வரைந்தவர் இவரே. நாட்காட்டிகளில் நாம் காணும் 'பிக் பென்' மணிக்கூண்டின் வடிவமும் இவரது கைவண்ணம். பெயர் பெற்றவர் பாரி. இவர் கேட்டது வேலை மட்டுமே.

ஆனால் நம் கடற்கரை மக்களுக்கு இவர் உறவினராவது வேறொரு காரணத்தால். இராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் வீடு கட்டிக் குடியேறிய பியூஜின், 'கரோலின்' என்று ஒரு படகு வைத்திருந்தார். அவ்வூருக்கு அப்பால் கப்பல்களை விழுங்கும் மணல்திட்டுகள் உண்டு. புயலில் மாட்டிய மாலுமிகளுக்கு உதவப் படகோடு புறப்பட்டுவிடுவார். வீட்டின் அருகே, தம் கைப்பணத்திலேயே, புனித அகுஸ்தீனார் ஆலயத்தை எழுப்பத் தொடங்கினார். கேட்பார் இல்லாததால் ஒவ்வொரு கல்லும் அவர் விரும்பியபடியே அமைந்தது, பணம் தீர்ந்தால் வேலை நிற்கும், வந்தால் தொடரும்.

இரு மனைவியரை இளமையிலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். உதவியாளர் அதிகமின்றி இரவு பகலாய் வரைந்து வரைந்து உடலும் உள்ளமும் நொறுங்கின. 1852-இல் சித்தம் கலங்கி மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டார். பின்னர் மனைவி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். வந்த சில நாளில் உயிர் பிரிந்தது. வயது நாற்பது. நாள் செப்டம்பர் 14. திருச்சிலுவை மகிமை விழா, மணப்பாடு விழாக்கோலம் பூணும் அதே நாள். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமானார். அதன் கோபுரத்துக்கு அவர் வரைந்திருந்த உயர்ந்த கூர்முடி இன்றுவரை கட்டப்படவில்லை.

இனி அந்த வரைபடம். நமது பழைய ஆலயத்தின் முகப்பை இடித்து, இரட்டைக் கோபுரத்தோடு புதிது கட்டப் பங்குப் பேரவை தீர்மானித்து ஓராண்டாகிறது. கணினியில் வண்ணம் தீட்டித் தந்த படத்தைப் பார்த்து முதலில் மகிழ்ந்தவர்களில் நாமும் ஒருவர். அடுத்த ஊரின் கோபுரத்தைவிடச் சில அடி உயரம் கூடுதல் என்று யாரோ சொன்னபோது நாம் புன்னகைத்ததை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. செலவு எங்கிருந்து வரும்? பிடித்த மீனில் கோவிலுக்கென ஒதுக்கும் பங்கு, கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் காசு, மீன் கூடை சுமக்கும் விதவைகளும் விலக்கின்றிக் கொடுக்கும் குடும்ப வரி.

குன்றின் மேல் காற்றில் பறக்காதபடி நான்கு மூலையிலும் கல் வைத்து மேஸ்திரி படத்தை விரித்தார். முகப்பில் எட்டுத் தூண்கள். விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டு வந்தவர், “சாமி, இந்த ஆறு தூணும் எதையும் தாங்கலியே. உள்ளே வெறும் கம்பியும் கலவையும்தான். இந்த உப்புக் காத்துல பத்து வருசத்துல வெடிச்சுப் போகும்” என்றார்.

“இதை அன்றே பேரவையில் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டோம்.

“நீங்களே சரின்னுட்டீங்க. நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் அவர்.

விடை கூற நமக்கு வாயில்லை. அவர் தம் சட்டைப்பையிலிருந்த பென்சிலை நீட்டினார். ஆறு தூண்களின் மேலும் கோடிட்டோம். கோபுரங்கள் இரண்டில் ஒன்றையும் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டோம். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பேரவை கூடுகிறது. கோபுர உயரத்துக்காக உண்டியல் தூக்கிய இளைஞர்கள் முன்வரிசையில் அமர்வார்கள். மேஸ்திரியையும் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறோம்.