விடியுமுன் ஒரு பயணம்

முன்னாள் மாணவன் என்ற முறையில் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். நான் ஏட்டுக் கல்வி மிகுதியாகப் பெற்றவனல்லன். நாள்தோறும் வேலைக்குப் போய்த் திரும்புபவன். ஆகவே, வேலைக்குப் போகும் வழியைப் பற்றியே எழுதுகிறேன். இதைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் பலருடைய பெற்றோரும் அவ்வழியில் போகின்றவர்களே.

நான் பிறந்தது ஜொகூர் மாநிலத்தில், கூலாயை அடுத்த ஒரு இரப்பர் தோட்டம். என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து தம் நிரைக்கு நடப்பார். லயத்திலிருந்து கால்மணி நேர நடை. காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த அதிகாலைப் புறப்பாடு. ஆயினும், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் அவர் வீடு திரும்பிவிடுவார். நான் பள்ளி விட்டு வரும்பொழுது வாசற்படியில் அமர்ந்திருப்பார்.

1992-ஆம் ஆண்டில் அத்தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. மரங்கள் சாய்க்கப்பட்டன. நாங்கள் ஒரு மலிவு விலை வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். தந்தையார் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார். 1973-ஆம் ஆண்டு வரை இரு நாட்டு வெள்ளியும் சம மதிப்பில் மாற்றிக்கொள்ளப்பட்டன. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒன்றரை ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது. கால்மணி நேர நடையாக இருந்த வழி, நாட்டின் எல்லையைக் கடக்கும் வழியாக மாறியது.

ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால், அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகும். இரு கரைகளிலும் குடிநுழைவுச் சோதனை. முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்களின் வரிசை. மூச்சை அடைக்கும் புகை. தந்தையார் நான்கு மணிக்கே புறப்பட்டு, மிகைநேர வேலையும் முடித்து, நான் உறங்கிய பிறகே வீடு சேர்வார். என் தேர்ச்சி அறிக்கையில் அன்னையாரின் கையொப்பம் மட்டுமே இருக்கும்.

ஆறாம் ஆண்டில் படித்தபொழுது விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். மற்றப் பிள்ளைகளின் தந்தையர் வேலியோரம் நின்று கைதட்டினர். என் தந்தையார் வரவில்லை. “அப்பாவுக்கு என்மேல் அன்பே இல்லை” என்று அழுதேன். அன்னையார் மறுமொழி கூறவில்லை. மறுநாள் விடியுமுன் என்னைத் தட்டி எழுப்பி, “ராசா, சத்தம் போடாமல் சன்னல் வழியாகப் பார்” என்றார்.

தந்தையார் கடப்பிதழை நெகிழிப் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். குளிர்காற்று நெஞ்சில் அறையாமலிருக்க மேலங்கியை முன்பின்னாகத் திருப்பி அணிந்தார். பின்னர், மோட்டார் சைக்கிளை முடுக்காமல், சாலை முனை வரை இருளில் தள்ளிக்கொண்டே போனார். “நீ விழித்துவிடக் கூடாதாம், தினமும் இப்படித்தான்” என்றார் அன்னையார். அன்று முதல் தந்தையாரை நான் குறை கூறியதில்லை.

காலம் என்னையும் அதே பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் என் மகள் இதே பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். மார்ச் 18-ஆம் நாள் பெருந்தொற்றின் காரணமாக எல்லை மூடப்பட்டது. வேலையை இழக்க அஞ்சி, முதல்நாள் இரவே சில உடைகளைப் பையில் திணித்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். “இரண்டு வாரம்தான், கண்ணு” என்று மகளிடம் சொன்னேன். ஆகஸ்டில், கட்டுப்பாடுகளுடன் விடுப்பில் வந்து திரும்ப ஒரு வழி திறந்தது. தனிமைப்படுத்தலுக்குரிய நாட்களையும் செலவையும் எண்ணித் தள்ளிப்போட்டேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

பள்ளி திறந்திருந்த நாட்களிலெல்லாம் அவளை மோட்டார் சைக்கிளில் அழைத்துச் சென்றவர் என் தந்தையார். என் தேர்ச்சி அறிக்கையில் ஒருமுறைகூடக் கையொப்பமிட நேரம் வாய்க்காதவர், என் மகளின் அறிக்கையில் கையொப்பமிட்டார். 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டோருக்கான பேருந்துப் பயணம் தொடங்கிற்று. டிசம்பரில் நான் வீட்டு வாசலில் வந்து நின்றபொழுது, மகள் தாத்தாவின் பின்னே ஒளிந்துகொண்டாள். அந்த ஒரு கணத்தில் அனுபவித்த வேதனையை எழுத்தில் வடிக்க என்னால் இயலவில்லை.

2022 ஏப்ரல் முதல் நாள் எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது. மீண்டும் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலானேன். முதல் நாள் விடியுமுன், என்னையறியாமலே மோட்டார் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினேன். திண்ணையிலிருந்து தந்தையாரின் குரல் கேட்டது: “இங்கேயே முடுக்கப்பா. பிள்ளை விழித்துக்கொள்ளட்டும். அப்பா எங்கே போகிறார் என்று அவளும் பார்க்கட்டும். நான் செய்த தவற்றை நீயும் செய்யாதே.”

முடுக்கினேன். சன்னலில் விளக்கு எரிந்தது. மகள் கையசைத்தாள்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்தில் புதிய இரயில் பாதை திட்டமிடப்பட்டது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்வதும், கரைக்குக் கரை ஐந்து நிமிடத்தில் சேர்ப்பதும் அதன் நோக்கம். வழி சுருங்குவது நன்றே. ஆனால், எந்த வழியில் போனாலும், போகின்றவரை வீட்டில் உள்ளோர் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் உழைப்பைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மாணவச் செல்வங்களே, ஒரு நாளேனும் விடியுமுன் விழித்தெழுந்து உங்கள் தந்தையை, தாயை வழியனுப்பிப் பாருங்கள். அன்றைய பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.