சிவ காஞ்சி ஸ்டேஷனும் ஜின காஞ்சி ஓவியமும்

காஞ்சிபுரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட சாமி பெயர்தான். ஒன்று சிவ காஞ்சி காவல் நிலையம், இன்னொன்று விஷ்ணு காஞ்சி காவல் நிலையம். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் போர்டைப் பார்த்து, இதுவும் ஒரு கோயிலோ என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதாகவும் ஒரு காஞ்சி உண்டு. ஊரின் சந்தடியைத் தாண்டி, வேகவதி ஆற்றின் கரையை ஒட்டி இருக்கும் திருப்பருத்திக்குன்றம்தான் பழைய ஜின காஞ்சி. பெயரில் பருத்தி, சுற்றிலும் பட்டு! ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் வரதராஜரையும் பார்த்துவிட்டுப் பட்டுக்கடைக்கு ஓடுகிற கூட்டம் இங்கே வருவதில்லை. வருகிறவர்களில் வெளிநாட்டுப் பயணிகளும் உண்டு. கலை வரலாறு படித்தவர்கள், தனியாகச் சுற்றுபவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். அப்படித் தனியாக வருகிறவருக்கு இந்த ஊரில் ஒரு சிக்கல் வந்தால் என்ன ஆகும்?

2017 அக்டோபரில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. ரஷ்யாவிலிருந்து வந்த 24 வயது இளைஞர், காஞ்சிபுரத்தில் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போனார். பின் நம்பர் லாக் ஆகிவிட்டது. கையில் காசில்லை, தெரிந்த முகமும் இல்லை. நேராகக் குமரகோட்டம் முருகன் கோயில் வாசலுக்குப் போய், தொப்பியை நீட்டி உட்கார்ந்துவிட்டார். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய அதே கோயில். கந்தன் வாசலில் கையேந்தினால் காஞ்சி மக்கள் சும்மா போவார்களா? ஆச்சரியமாகப் பார்த்தபடியே சில்லறை போட்டார்கள். செய்தி பரவி போலீஸ் வந்தது.

இந்த இடத்தில் கதை வேறு பக்கமும் திரும்பியிருக்கலாம். தமிழ்நாட்டில் 1945-ம் ஆண்டிலிருந்தே பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. போலீஸ்காரர்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. செலவுக்குப் பணம் கொடுத்து, சென்னைக்குப் போய் உதவி கேட்கச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். அப்போது வெளியுறவுத்துறை அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ், ரஷ்யா நம் நெடுநாள் நண்பன், சென்னையில் இருக்கும் நம் அதிகாரிகள் உதவுவார்கள் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். கோயில் வாசலில் நீட்டிய தொப்பி டெல்லி வரை போய்விட்டது.

எந்த நாட்டின் பயண எச்சரிக்கையும் இப்படி ஒரு காட்சியைச் சொல்லாது. அந்த எச்சரிக்கைகளின் பாஷையே வேறு. அமெரிக்க வெளியுறவுத்துறை உலக நாடுகளை நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் படி வழக்கமான கவனம் போதும் என்பது. நான்காம் படி போகவே வேண்டாம் என்பது. இந்தியா பல வருடங்களாக இரண்டாம் படியில், ‘கூடுதல் கவனம் தேவை’ என்ற இடத்தில் இருக்கிறது. காஷ்மீர், பாகிஸ்தான் எல்லை, மணிப்பூர் போன்ற இடங்களுக்குத் தனியாகக் கடும் எச்சரிக்கை உண்டு. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ‘இந்தியா’ என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் படிக்கிற பயணி, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலும் பையை நெஞ்சோடு அணைத்தபடிதான் இறங்குகிறார். அதைப் பார்த்து நாம் சிரிக்கலாம். அவர்களுக்கு இது வெறும் புத்திமதி மட்டும் இல்லை. அரசு போகாதே என்று சொன்ன பகுதிக்குப் போனால் பயணக் காப்பீடே செல்லாமல் போகலாம்.

பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் கேரளத்தின் கோவளம் பகுதியில் லாட்வியாவைச் சேர்ந்த ஒரு பெண் காணாமல் போனார். ஆயுர்வேத சிகிச்சைக்காக வந்தவர். போலீஸ் ஆரம்பத்தில் புகாரை அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று குடும்பத்தினர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவருடைய சகோதரி, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினார். ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு உடல்தான் கிடைத்தது. 2022 டிசம்பரில் குற்றவாளிகள் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குமரகோட்டத்தில் அரை மணி நேரத்தில் முடிகிற பேச்சுக்கும் கோவளத்தில் இழந்த நாட்களுக்கும் நடுவில் இருப்பது, முதலில் புகாரைக் கேட்கிற போலீஸ்காரரின் மனசுதான். வருகிறவர் வெள்ளைக்காரர் என்பதால் மரியாதை கிடைப்பதும் உண்டு, ‘எங்கேயாவது ஊர் சுற்றிக்கொண்டிருப்பார், வந்துவிடுவார்’ என்று தட்டிக்கழிப்பதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்கிறது. சென்னை பஸ்ஸில் பை திருடு போனதை காஞ்சிபுரத்தில் இறங்கிய பிறகு கவனித்தால், ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரவேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தவருக்கு இந்தக் காகிதம்தான் உயிர்நாடி. அதைக் காட்டித்தான் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் தன் நாட்டுத் தூதரகத்தில் தற்காலிக ஆவணம் வாங்க வேண்டும். பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டை விட்டுக் கிளம்ப அனுமதி வாங்க வேண்டும். ஸ்டேஷனில் அரை நாள் இழுத்தடித்தால் அவருக்கு விமானமே போய்விடும்.

கைது என்று வந்துவிட்டால் இன்னொரு உரிமை இருக்கிறது. 1963-ம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, பிடிபட்ட வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் தரவேண்டும். அந்த உரிமை இருப்பதை அவரிடம் சொல்லவும் வேண்டும். இதே விதியைக் காட்டித்தான் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. பாகிஸ்தான் விதியை மீறியது என்று 2019 ஜூலையில் தீர்ப்பும் வந்தது. ஹேக்கில் நாம் கேட்டதைத்தான் இங்கே வருகிறவரும் கேட்பார்.

தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மலையேற்றத்துக்குப் போகும் ஐரோப்பியர்கள் பையில் சாட்டிலைட் போனை சாதாரணமாகப் போட்டுக்கொள்வார்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். ஏர்போர்ட்டில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசின் பயணக் குறிப்பு இதைத் தெளிவாகவே எச்சரிக்கிறது. ஆனால் அத்தனை பக்கத்தையும் யார் படிக்கிறார்கள்?

நம் வீடுகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கல்யாணப் பட்டு எடுக்க கனடாவிலிருந்தோ நார்வேயிலிருந்தோ வருகிற சொந்தக்காரர் நாலு நாள் வீட்டில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு தமிழ், சாப்பாடு இட்லி. பாஸ்போர்ட் மட்டும் வெளிநாடு! வெளிநாட்டுப் பிரஜையைத் தங்கவைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டும் இல்லை, தனி வீட்டுக்கும் இது பொருந்தும். சித்தி வீட்டில் தங்குவதற்கு எதற்கு ஃபார்ம் என்று கேட்கத் தோன்றும். ஏதாவது விபத்து என்றால் அவர் எங்கே தங்கியிருந்தார் என்று போலீஸ் முதலில் தேடுவது அந்தப் பதிவில்தான்.

மற்றபடி காஞ்சியில் வெளிநாட்டவருக்கு வரும் தொல்லை பெரும்பாலும் கமிஷன் தொல்லைதான். ‘நெசவாளர் வீட்டில் நேரடியாக வாங்கலாம்’ என்று கூட்டிப்போகிறவர், பின்பக்க வாசல் வழியாகக் கடைக்குள் கொண்டுபோய் விடுவார். இதற்கு போலீஸ் தேவையில்லை, சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்டாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும். பணம் கட்டுவதிலும் சங்கடம் உண்டு. டீக்கடை வரை க்யூ.ஆர். கோடு வந்துவிட்டது. வெளிநாட்டு வங்கிக் கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு அது எப்போதும் நேரடியாக உதவாது. 2017-ன் ரஷ்ய இளைஞரைப் போல ஒரே கார்டை நம்பி வருவது இன்றைக்கும் ஆபத்துதான். இரண்டு கார்டு, கொஞ்சம் ரொக்கம், பாஸ்போர்ட் மற்றும் விசாவின் நகல் இருந்தால் பாதிக் கவலை இல்லை.

உதவிக்கு 112 இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 1363 எண்ணில் 12 மொழிகளில் பேசலாம். இந்தி, ஆங்கிலத்தோடு ரஷ்யன், கொரியன், ஜப்பானிய மொழி எல்லாம் உண்டு. தமிழ் கிடையாது! ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியர்கள் ஞாயிற்றுக்கிழமை காஞ்சிக்கு வந்தால் அவர்களுக்கு இந்த எண் கைகொடுக்கும். தேனியிலிருந்து வருகிற நம்மவர் ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவையும் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் வந்து சேர்கிறவருக்கு ஏமாற்றம் இருக்காது. இரண்டு கோயில்கள். சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் காலத்தது. பக்கத்தில் மகாவீரருக்கான திரைலோக்கியநாதர் கோயில். அதன் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர். தன் குரு புஷ்பசேனர் சொல்லி அவர் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க ஓவியங்கள்: ரிஷபதேவர், மகாவீரர், நேமிநாதர் கதைகள். நேமிநாதரின் உறவினராகக் கண்ணனும் அங்கே வருகிறார். சமணக் கோயிலில் கண்ணனா என்று வெளிநாட்டவர் மட்டும் இல்லை, நம்மவர்களும் புருவம் உயர்த்துவார்கள். 1934-ல் டி.என்.ராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியக வெளியீடாக இந்தக் கோயில்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். கையில் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு வருகிற வெளிநாட்டவர்களும் உண்டு.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுவது நல்லது. ஓவியங்கள் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். ஆட்டோவில் போகிறவர்கள் வண்டியை அனுப்பிவிடாமல், திரும்பி வரும்வரை காத்திருக்கச் சொல்லி வாடகையை முன்பே பேசிக்கொள்வது இன்னும் நல்லது. ‘ஜின காஞ்சி’ என்றால் சில டிரைவர்களுக்குப் புரியாது. ‘திருப்பருத்திக்குன்றம் ஜெயின் கோயில், அண்ணா’ என்று சொன்னால் போதும்.