தொட்டி காலியான பின் வந்த அறிக்கை

ஊரிலே கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தே நன்னீரென்றும் உவரென்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம். நோய்க்கிருமி அவ்வாறு நாவுக்கு அகப்படுவதில்லை. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலையை ஒட்டிய கிர்கட்வாடி, நாந்தேட் முதலிய இடங்களில் பலர் கைகால் தளர்ந்து மருத்துவமனை சேர்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் அது. சிலர் உயிரிழந்தனர். தேசிய வைராலஜி நிறுவனம் நடத்திய சோதனையில், நோயாளிகள் சிலரின் மலத்தில் கேம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியா காணப்பட்டது. அசுத்த நீரின் வழியாகவும், சரியாக வேகாத கோழிக்கறியின் வழியாகவும் அது வரும். முதலில் வயிற்றுப்போக்கு, ஒன்றிரண்டு வாரம் கழிந்தபின், கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படையே நரம்புகளைத் தாக்கத் தொடங்குகிறது. நோயாளி படுக்கையில் விழும் நாளில் அவர் குடித்த நீரை எங்கே தேடுவது?

வாகட் அவ்விடத்திலிருந்து தொலைவுதான். ஆயினும் இங்கே பல குடியிருப்புகள் கோடையில் லாரி நீரை நம்பியே இருக்கின்றன. சென்ற கோடையில் நம் தொட்டியில் இறங்கிய நீரின்மேல் ஐயம் தோன்ற, ஒரு புட்டியில் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினோம். 'குடிக்கத் தகாதது' என்ற அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் தொட்டி இரண்டு முறை நிரம்பிக் காலியாகியிருந்தது! இரயில்வேயில் எழுத்தராய் இருக்கும் நமக்கு, வண்டி கடந்தபின் சிவப்புக் கொடி காட்டியது போலிருந்தது.

சோதனைச்சாலையைக் குறை கூறுவதற்கில்லை. கிருமியைப் பெருகவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். 1982-இல் குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்து மஞ்சா முதலியோர் வெளியிட்ட முறை எளிது. மருந்து தோய்த்த காகிதமுள்ள புட்டியில் நீரை ஊற்றி வைத்தால், மலக்கலப்பு இருப்பின் கறுத்துவிடும். ஆனால் அதற்கும் ஓர் இரவு வேண்டும்.

அந்த இரவைக் குறைக்கவே விஞ்ஞானிகள் நுண்கால்வாய் உணர்கருவிகளை ஆக்கி வருகின்றனர். சிறு கண்ணாடித் தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ மயிரிழை போன்ற கால்வாய்கள். அவற்றுள் குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். நீர்த்துளி ஓடுகையில் கிருமி ஒட்டிக்கொள்ள, மின்னோட்டத்திலோ ஒளியிலோ எழும் சிறு மாற்றம் அதைக் காட்டிக்கொடுக்கும். 2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் இத்தகைய கால்வாயைக் காகிதத்திலேயே அமைத்தனர். தாளின் இழைகளே நீரை இழுத்துச் செல்லும்; பம்பு வேண்டா. நம் போன்ற குடும்பங்களுக்கு இதுவே உகந்ததென்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு சங்கடம். 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது என்பது நம் நாட்டுத் தரவிதி. கால்வாயிலோ ஒரு துளிதான் ஓடும். அரைத் தம்ளர் நீரில் ஒளிந்த ஒரே கிருமி அத்துளியில்தான் வருமென்று யார் உறுதி கூறுவர்? ஆகவே முதலில் நீரை வடித்துக் கிருமிகளை ஓரிடத்தில் திரட்ட வேண்டும். கண்டறிவதைவிடத் திரட்டுவதே கடினம் போலும். தவிரவும், எதிர்ப்பொருள் கிருமியின் மேற்சட்டையைப் பார்த்துப் பிடிப்பது. குளோரினால் செத்ததையும் உயிருள்ளதாக எண்ணிவிடக்கூடும்.

இப்போதைக்கு நம் வீட்டில் நீர் குமிழியிட்டுக் கொதித்து ஆறிய பிறகே பிள்ளைகளின் புட்டிகளில் நிரம்புகிறது. எரிவாயுச் செலவு கூடியிருப்பது உண்மை. லாரி நீரைத் தொட்டியில் இறக்குமுன் அதில் எஞ்சிய குளோரினையாவது பார்க்கும்படி குடியிருப்புக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். சில நிமிட வேலைதான். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்கள்.