தோல் இருக்கையும் தூய வாணிகமும்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் படுக்கை, தோலுறையில் பேரீச்ச நார் திணித்ததாக இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆகவே தோல் நமக்கு அந்நியமானதன்று. திண்டுக்கல்லிலும், வடக்கே ஆம்பூர், வாணியம்பாடியிலும் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டு வாழ்ந்த குடும்பங்கள் நம் சமுதாயத்தில் எத்தனையோ!

அண்மையில் கம்பத்து உறவினர் ஒருவர், தம் மகளின் நிகாஹுக்குச் சீராகத் தோல் சோபா வாங்க எண்ணி நம்மையும் தேனிக்கு அழைத்துச் சென்றார். மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லையாம். "இருந்தாலும் ஊர் பார்க்குமே, ஹஜ்ரத்" என்றார்.

அந்தச் சொல்லை நம்பியே கடையும் அமைந்திருந்தது. கண்ணாடி முகப்பருகே, மஞ்சள் விளக்கொளியில், பெருவிலைச் சோபா அரியணைபோல் வீற்றிருந்தது. முதலில் அதனைக் காட்டினர். அதன்பின் காட்டிய யாவும் மலிவாகவே தோன்றின. விலைச்சீட்டில் ஒரு தொகை அடிக்கப்பட்டு, கீழே குறைந்த தொகை எழுதப்பட்டிருந்தது. மாதத் தவணைக்கும் வழியுண்டு. சோபாக்களின் முதுகுகளோ சுவரை ஒட்டியே இருந்தன. "அசல் லெதர், பாய்! உட்கார்ந்து பாருங்க" என்று தேநீரும் தந்தார் விற்பனையாளர்.

தோல் வாணிகம் செய்த திண்டுக்கல் நண்பர் ஒருவர் முன்பு நமக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. தடித்த மாட்டுத்தோலை இயந்திரத்திலிட்டுப் படலங்களாகப் பிளப்பார்கள். மயிர்க்கால் துளைகளுள்ள மேற்படலமே உறுதியும் விலையும் மிக்கது. அடிப்படலத்தின் மீது செயற்கைப் பூச்சேற்றி, வரிகளை அச்சாகப் பதித்தால் அதுவும் மேற்படலம் போலவே தோன்றும். கழிவுத் தோலை அரைத்துப் பசைகூட்டித் துணியில் ஒட்டியதும் உண்டு. அது சில ஆண்டுகளில் செதில் செதிலாய் உரியும். உட்காருமிடத்தில் மட்டும் தோலும், பக்கங்களிலும் முதுகிலும் ரெக்சினும் வைத்துத் தைப்பதுமுண்டு. இவை யாவும் 'லெதர்' என்ற ஒரே பெயரில் விலைபோகின்றன.

மெத்தையின் ஜிப்பைத் திறந்து வெட்டு விளிம்பைப் பார்த்தோம். சோபாவின் பின்னே கைவிட்டுத் தடவினோம். இருக்கை, பூச்சேற்றிய அடிப்படலம், முதுகு, ரெக்சின். உறவினரிடம் கண்சாடை காட்டினோம். "விலை ஒத்துவரவில்லை" என்று சொல்லி எழுந்தோம்.

வெளியேறும்போது, உத்தமபாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதே சோபாவில் அமர்ந்தது. பெரியவர் தவணைத் தாளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்னார், பதில் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

பேருந்து வீரபாண்டியைத் தாண்டுகையில்தான் நெஞ்சு சுட்டது. வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்களின் வரலாற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிச் செல்கிறார். அதன் குளம்பில் குறையிருப்பதை அறிந்த வாஸிலா (ரலி) பின்னால் சென்று அவரை அழைத்து உண்மையைச் சொல்கிறார்கள். விலையில் 100 திர்ஹம் குறைகிறது. வாணிகம் கெட்டதென்று வருந்திய விற்றவரிடம், பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது. அதனை அறிந்த மற்றவரும் மறைப்பது ஆகாது என்ற நபிமொழியை நினைவூட்டுகிறார்கள்.

அந்த ஒட்டகம் அவர்களுடையதன்று, வாணிகமும் அவர்களுடையதன்று. ஆயினும் பின்னால் சென்றார்கள். குறையுள்ள பொருளைத் திருப்பித்தரும் உரிமையைப் பல்லாண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாமோ, ஒரு குவளைத் தேநீருக்கு நாணி வாய்மூடினோம். போதாக்குறைக்கு விலையின்மேல் பொய்ச்சாக்கும் சொன்னோம்!

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தரத்தைத் திரித்துரைப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. எனவே வாங்குவோர் எந்தப் படலம், முதுகில் என்ன என்பதை ரசீதிலேயே எழுதித்தரக் கேளுங்கள். விற்போர் கேளாமலே சோபாவைத் திருப்பிக் காட்டுங்கள். அறிந்தோர் நம்மைப்போல் வாளாவிராதீர்கள்.

உறவினர் ஊரிலேயே தச்சரிடம் தேக்கில் இருக்கைகள் செய்யச் சொல்லிவிட்டார். அந்த உத்தமபாளையத்துப் பெரியவரின் தவணை இன்னும் முடிந்திராது. வல்ல அல்லாஹ் நம் மௌனத்தை மன்னிப்பானாக! ஆமீன்.