டாலிகஞ்சில் மூன்று நாள்

குளிர்கால கோல்ஃப் பயணத்துக்குக் கொல்கத்தா ஏற்ற ஊர். ஆனால் திட்டம் போடுபவர்கள் விமானம், அறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிட்டு ஓர் ஆளை மறந்துவிடுகிறார்கள்.

டிசம்பர் பிறந்துவிட்டால் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வீட்டில் கால் தரிக்காது. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு. நால்வருக்கும் ஒரே சமயத்தில் விடுப்புக் கிடைப்பதுதான் முதல் தடை. அதைத் தாண்டினால், எந்த ஊர் என்ற சர்ச்சை. குல்மார்க் பனிக்கடியில் உறங்கிக்கொண்டிருக்கும். டெல்லியில் மூடுபனி விலகக் காத்திருந்தே பல காலைப் பொழுதுகள் வீணாகிவிடும். இந்த நேரத்தில் கைகொடுப்பது கொல்கத்தா. கோடையில் வியர்வையாலும் அதன் பிறகு மழையாலும் ஆளை வாட்டும் அந்த நகரம், டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை சாதுவாகிவிடுகிறது. பகலில் 25 டிகிரியை ஒட்டிய வெயில்; இரவில் 14 டிகிரி வரை இறங்கும் குளிர். ஒரு ஸ்வெட்டர் போதும், அதையும் பத்து மணிக்குக் கழற்றிவிடலாம்.

பருவநிலை மட்டுமே காரணம் அல்ல. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழமையான கோல்ஃப் கிளப் இங்குதான் இருக்கிறது. 1829இல், இன்று விமான நிலையம் இருக்கும் டம்டம் பக்கத்தில் தொடங்கப்பட்டது ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் தென்கோடியான டாலிகஞ்சுக்கு இடம்பெயர்ந்தது. அகில இந்திய அமெச்சூர் போட்டி 1892இல் பிறந்ததும் இந்த கிளப்பின் முயற்சியால்தான். 1965இல் பி.ஜி. சேத்தி என்ற அமெச்சூர் ஆட்டக்காரர், தொழில்முறை வீரர்களைத் தோற்கடித்து இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றதும் இதே புல்வெளியில். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

சற்றுத் தொலைவில் இன்னொரு மைதானம்: 1895இல் தொடங்கிய டாலிகஞ்ச் கிளப். இதற்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தார் மீது கம்பெனிக்குச் சந்தேகம் விழுந்தது. அவர்களைத் தென்னிந்தியாவிலிருந்து வெகுதூரம் அப்புறப்படுத்த முடிவாயிற்று. வந்து சேர்ந்த இடம் டாலிகஞ்ச். முதலில் அவுரித் தோட்டமாக இருந்து, பிறகு மைசூர் இளவரசர்கள் வசமிருந்த நிலம்தான் இன்றைய கிளப் வளாகம். பக்கத்தில் ஓடும் சாலைக்கு இன்றும் பிரின்ஸ் அன்வர் ஷா என்று பெயர். வேலூரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் உலவிய தோட்டத்தில் இப்போது வெள்ளைப் பந்துகள் பறக்கின்றன. இருட்டியதும் நரிகள் ஊளையிடுகின்றன.

இனி ஏற்பாடுகள். இவை தனியார் கிளப்புகள். பணத்தை நீட்டிச் சீட்டு வாங்கும் இடங்கள் அல்ல. உள்ளூர் உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகவோ, இணைப்பு உள்ள வேறொரு கிளப்பின் உறுப்பினராகவோ போவதுதான் வழி. எனவே நால்வரில் ஒருவர் முதலில் செய்ய வேண்டியது விமானச் சீட்டு எடுப்பது அல்ல; எந்தெந்த நாளில் விருந்தினருக்கு இடம், என்ன கட்டணம் என்று எழுதிக் கேட்பது. சனி, ஞாயிறு உறுப்பினர்களின் கூட்டம் இருக்கும். செவ்வாயிலிருந்து வியாழன் வரை என்று வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் இல்லை. காலர் வைத்த சட்டை கட்டாயம். உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் இலவச எடை 15 கிலோதான். விதி அனுமதிக்கும் 14 மட்டைகளையும் பையில் திணித்தால் துணிமணிக்கு இடம் இருக்காது.

நண்பர்கள் எல்லோரும் சம திறமைசாலிகளாக இருப்பதில்லை. அதற்காகக் கோல்ஃப் கண்டுபிடித்திருக்கும் நியாயம்தான் ஹேண்டிகேப். 24 ஹேண்டிகேப் உள்ளவர் 94 அடிகளில் முடித்தால் அவர் கணக்கு 70. எட்டு மட்டுமே உள்ள தேர்ந்த ஆட்டக்காரர் 80 அடித்தால் அவர் கணக்கு 72. வெற்றி முன்னவருக்கு. தந்தையும் மகனும், மேலதிகாரியும் கீழ்நிலை ஊழியரும் ஒரே குழுவில் ஆட முடிவது இந்தக் கழித்தல் கணக்கால்தான்.

குளிர்காலத்தின் உண்மையான தட்டுப்பாடு வெளிச்சம். டிசம்பர் கடைசியில் கொல்கத்தாவில் சூரியன் ஆறே காலுக்கு எழுந்து மாலை ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். நால்வர் 18 குழிகளை முடிக்க நாலரை மணி நேரம் ஆகும். பனி விலகி ஏழரைக்குத் தொடங்கினால் நண்பகலுக்குள் ஒரு சுற்று முடியும். மதியம் இன்னொரு சுற்று என்று ஆசைப்படுபவர்கள் கடைசி நான்கு குழிகளில் பந்தை இருட்டில் தேட வேண்டியிருக்கும். மூன்று நாள், மூன்று சுற்று என்பதே சரியான அளவு. மிச்சப் பொழுதுக்கு ஊர் இருக்கிறது. குளிரில் இறக்கும் ஈச்சம் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லமான நொலேன் குர், அதில் செய்த சந்தேஷ் இரண்டும் இந்தச் சில வாரங்களுக்கு மட்டுமே வாய்க்கும் பாக்கியம்.

ராயல் கல்கத்தா மைதானம் தட்டையானது. பார்த்தால் எளிதாகத் தெரியும். ஏமாற்றுபவை குளங்கள். பந்தைக் கீழிருந்து அடிக்கும்போது கண்ணில் படாத தண்ணீர், பந்து போய் விழுந்த பிறகுதான் தெரியும். எங்கே குளம் மறைந்திருக்கிறது, காலைப் பனியில் நனைந்த புல்லில் பந்து எவ்வளவு மெதுவாக உருளும், பத்து மணி வெயிலுக்குப் பின் எவ்வளவு வேகம் பிடிக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான்: கேடி.

தமிழ்க் காதுக்குக் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் உள்ள ஆசாமி. கோல்ஃபில் அது பையைச் சுமந்து உடன் நடப்பவரின் பெயர். சுமப்பது அவர் வேலையில் பாதிதான். எந்த மட்டை, எந்தத் திசை, எவ்வளவு பலம் என்று சொல்பவர் அவர். வெளியூர்க்காரருக்கு ஒரு சுற்றில் அவர் மிச்சப்படுத்தித் தரும் அடிகள் கொஞ்சநஞ்சமல்ல. பல கிளப்புகளில் அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. சுற்றுக்கு இவ்வளவு என்பதே வருமானம். மழைக்காலத்தில் மைதானம் மூடினால் அன்றைய அடுப்பும் எரிவது சந்தேகம். குளிர்கால மாதங்களில் சம்பாதிப்பதுதான் ஆண்டு முழுவதும் தாங்க வேண்டும்.

இந்திய கோல்ஃபின் கதையை எழுதியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1991இல் டெல்லியில் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரான அலி ஷேர், கேடியாக இருந்து உயர்ந்தவர். ராயல் கல்கத்தாவில் புல்வெளியைப் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அங்கே மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தே ஆட்டம் கற்றவர். 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸில் வென்றார். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டம் அவருக்குத்தான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடினார். வாயில் கதவு அவருக்கு உறுப்பினர் அட்டையால் திறக்கவில்லை. தந்தையின் வேலையால் திறந்தது.

ஆகவே நால்வர் உட்கார்ந்து செலவுப் பட்டியல் எழுதும்போது, விமானம், அறை, ஆட்டக் கட்டணம், இரவு விருந்து என்ற வரிசையில் கேடிக்கான தொகையைக் கடைசியில் ‘சில்லறை’ என்று தள்ளிவிடக் கூடாது. கிளப் நிர்ணயித்த கூலியைக் கேட்டறிந்து, அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பதையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும். மூன்று நாளும் அதே நால்வரைக் கேட்டுப் பெறுவது இன்னும் நல்லது. ஊர் திரும்பியவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பெருமையடிக்கும்போது, அந்தப் பெருமையில் பாதி யாருக்குச் சேரும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.