உறைமோர்

கட்டுத்தறியிலேயே வளர்ந்த மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் பாருங்க. எதைத் தின்னணும், எதை ஒதுக்கணும்னு தெரியாம முழிக்கும். தயிர்ல இருக்கிற பாக்டீரியாவும் அப்படித்தான்னு வேளாண் கல்லூரியில் படிக்கிற என் மகள் சொன்னா.

தயிரை உறைய வைக்கிறதுல ஒண்ணு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். அதோட பங்காளிங்க தொண்டைவலியும் நிமோனியாவும் கொண்டுவர்ற ஆளுங்க. 2004-ல் இதோட மரபணுத் தொகுதியை முழுசாப் படிச்சு, அந்தப் பங்காளிகளோட ஒப்பிட்டிருக்காங்க. நோய் உண்டாக்குற மரபணுக்கள் பல இதில் இல்லை. நூத்துக்குப் பத்து மரபணு பழுதாகிக் கிடந்தது. பாலிலேயே குடியிருந்ததால தேவைப்படாததை எல்லாம் விட்டுடுச்சு. மிச்சம் சுமார் 18 லட்சம் எழுத்து.

இலைதழை, ஊறுகாய், புளிச்ச மாவுன்னு எங்கேயும் பிழைக்கிற லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் மேய்ச்சல் மாடு. அதுக்கு 33 லட்சம். போற இடமெல்லாம் வேற வேற தீனி. அத்தனைக்கும் மரபணு வேணுமே.

கட்டுத்தறி மாட்டுக்கு நாமதான் தண்ணி காட்டணும். எங்க தெருவில் இப்போ மூணு வீட்லதான் கறவை. மத்தவங்க டப்பாத் தயிருக்குப் போயிட்டாங்க. வீடு வீடாகக் கைமாறி வந்த உறைமோர் நின்னுபோனா, பாலைத் தவிர வேற பிழைப்பு மறந்த அந்தச் சீவன் எங்கே போகும்?

பாக்கெட் பாலா இருந்தாலும் பரவாயில்ல, வீட்ல உறை ஊத்துங்க.