எண்ணெயும் நீரும்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா. ஒரே கலத்தில் இட்டாலும் எண்ணெய் மேலே மிதக்கும்; நீர் கீழே நிற்கும். ஆயினும், காரின் எஞ்சினுக்குள் ஓரிடத்தில் இவ்விரண்டும் மிக அணுக்கமாக ஓடுகின்றன. இடையே நிற்பது மெல்லிய உலோகத் தகடு ஒன்றே. அத்தகடு உறுதியாக உள்ளவரையில் இரண்டும் எஞ்சினைக் காக்கும். அது பழுதுற்றால் இரண்டும் கூடி எஞ்சினைக் கெடுக்கும்.

எஞ்சினில் எரிபொருள் எரியும்போது எழும் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியசையும் கடக்கக்கூடும். உராயும் உறுப்புகளுக்கு இடையே படலமாக நின்று தேய்வைத் தடுப்பது எண்ணெய். அவ்வுறுப்புகளின் வெப்பத்தையும் அது வாங்கிக்கொள்கிறது. வெப்பம் அளவு கடந்தால் எண்ணெய் நீர்த்துவிடும். படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். ஆகவே, பல கார்களில் எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கருவி ஒன்று உண்டு. தொழிலறிந்தோர் அதனை ‘ஆயில் கூலர்’ என்பர். அடுக்கிய தகடுகளால் ஆன அக்கருவியில், ஓர் அடுக்கில் எண்ணெயும் அடுத்த அடுக்கில் ரேடியேட்டரின் நீரும் ஓடும். எண்ணெய் தன் வெப்பத்தை நீருக்கு அளிக்கும். காலையில் எஞ்சினை இயக்கும்போதோ, நீரே முதலில் சூடேறி எண்ணெய்க்கு வெப்பம் ஊட்டும்.

கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய டீசல் கார் ஒன்றை வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில், எஞ்சின் நன்கு ஆறியிருக்கையில், அவர் நீர்த்தொட்டியின் மூடியைத் திறந்தார். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீறிட்டுச் சுட்டுவிடும் என்பதை அவர் அறிவார். தொட்டியில் தெளிந்த நீர் இல்லை. சேறு போன்ற பழுப்புக் குழம்பு மிதந்தது.

“அப்பா, எண்ணெய் எப்படி நீருக்குள் வந்தது?” என்று கேட்டாள், பத்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள்.

“எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட மிகுதி, அம்மணி. வழி கிடைத்தால் வலியது மெலியதன் இடத்திற்குள் புகும். அந்த வழி எங்கே இருக்கிறது என்பதைத்தான் நாம் முதலில் காண வேண்டும்” என்றார் அவர்.

வழிகள் இரண்டு இருக்கலாம். எஞ்சினின் தலைப்பகுதியில் உள்ள கேஸ்கட் கெட்டிருக்கலாம். ஆயில் கூலர் கெட்டிருக்கலாம். காரணம் அறியாமல் பொருளை மாற்றுவது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். அண்டையில் இருந்த பட்டறையிலிருந்து அவர் சோதனை நீர்மம் ஒன்றை வாங்கி வந்தார். எரிந்த வாயு நீர்த்தொட்டிக்குள் வருமாயின் அந்நீல நீர்மத்தின் நிறம் மாறும். அது மாறவில்லை. எனவே, ஐயம் ஆயில் கூலர் மேல் சென்றது.

எஞ்சின் மீண்டும் ஆறிய பின்னர்ப் பணி தொடங்கிற்று. ஜாக்கியால் உயர்த்திய காரை உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்தினார். பழைய எண்ணெயையும் நீரையும் தனித்தனிக் கலன்களில் வடித்தார். ரேடியேட்டரில் நீருடன் ஊற்றப்படும் கூலண்ட் பெரும்பாலும் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். நாய் நக்கினால் அதன் உயிருக்கே கேடு. ஆதலின் ஒரு துளியையும் அவர் தரையில் விடவில்லை. கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் மகள் அட்டை ஒன்றின்மேல் வரிசையாக வைத்து எண்ணிட்டாள்.

கழற்றிய கூலரின் ஒரு துளையை அடைத்து, மிதிவண்டிக் காற்றடிக்கும் பம்பினால் எண்ணெய் செல்லும் வழியில் காற்றைச் செலுத்தி, வாளி நீரில் அமிழ்த்தினார். நீர் செல்லும் வழியிலிருந்து குமிழிகள் வரிசையாக எழுந்தன. “மிதிவண்டிக் கடையில் பஞ்சர் பார்ப்பது போல் இருக்கிறதே!” என்று மகள் வியந்தாள். பழுது ஐயமின்றித் தெரிந்தது.

கோவைக்கு இத்தகைய ஆர்வம் புதிதன்று. ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் உணவு விடுதியில் பணி செய்து பொருள் சேர்த்து, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே பொறியறிவு பெற்றார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மாலையில், புதிய கூலர் பொருத்தப்பட்டது. இருள் சூழ்ந்தது. திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் தம் தாயைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரை மகள் அழைத்தாள். அவள் கையில் புதிய இரப்பர் வளையம் ஒன்று இருந்தது.

“அப்பா, நான்கு வளையங்கள் வாங்கினோம். மூன்றுதான் போயிருக்கின்றன.”

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. ஓரிடத்தில் பழைய வளையத்தையே வைத்துப் பூட்டிவிட்டார் என்பது விளங்கிற்று. பழைய வளையமும் சில மாதங்கள் தாங்கலாம்; உள்ளே இருப்பதை எவரும் காணப்போவதில்லை. ஆனால், வெப்பத்தால் இறுகித் தட்டையான இரப்பர் ஒரு நாள் கசியாமல் இராது.

“தவறு என்னுடையது. விளக்கை எடுத்து வா, அம்மணி” என்றார் அவர். பூட்டியவை அனைத்தும் மீண்டும் கழற்றப்பட்டன. புதிய வளையம் இடம் பெற்றபோது இரவு பத்து மணி ஆகியிருந்தது.

பணி அத்துடன் முடியவில்லை. நீர் செல்லும் வழியெங்கும் எண்ணெய்ப் பசை படிந்திருந்தது. அதனை அகற்றாவிடில் இரப்பர்க் குழாய்கள் ஊறிக் கெடும், ரேடியேட்டரும் அடைபடும். பொறுத்திருக்க நாள் இல்லை எனினும், அவர் விரையவில்லை. திங்களன்று தாயை ஆட்டோவில் அழைத்துச் சென்றார். மாலையில் புதிய எண்ணெயை ஊற்றி, துப்புரவு நீர்மம் கலந்த நீரை நிரப்பி, எஞ்சினைச் சூடேற்றி, ஆறவிட்டு வடித்தார். பழுப்பு நீர் வந்தது. அடுத்தடுத்த மாலைகளிலும் நல்ல நீரால் அவ்வாறே செய்தார். நான்காம் முறை நீர் தெளிந்தாற்போல் இருந்தது.

“போதும் அல்லவா, அப்பா?” என்றாள் மகள்.

அவர் வெள்ளைத் துணியை அந்நீரில் நனைத்துக் காட்டினார். துணியில் மெல்லிய எண்ணெய்க் கறை தெரிந்தது. ஆறாம் முறையில்தான் துணி வெண்மையாகவே வந்தது. ஊறியிருந்த குழாய்களை மாற்றி, புதிய கூலண்டை ஊற்றினார். பழைய எண்ணெய்க் கலன்கள் கழிவெண்ணெய் சேகரிக்கும் இடத்திற்குச் சென்றன.

இரண்டு வாரங்களுக்குப் பின் மகளே தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். நீர் தெளிவாக இருந்தது. மிஞ்சிய வளையத்தை அன்று எண்ணிப் பார்த்தவள் அவள். எண்ணிச் சொன்னதைக் கேட்டவர் அவள் தந்தை. பிழையைச் சுட்டும் கண்ணும், அதை ஏற்கும் மனமும் ஒரு வீட்டில் இருந்தமையால் அவ்வேலை செவ்வையாக முடிந்தது. பிறர் காணும் இடத்தில் செம்மையாகச் செய்வோர் பலர். பூட்டி மூடிய இடத்திலும் அவ்வாறே செய்பவரின் உழைப்பே நிலைத்து நிற்கும்.